குவாத்ரா, மக்வின்னா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய வான்கூவர் தீவின் பழைய பெயரைப் பற்றி எழுதிய குறிப்பில், ஸ்பானியக் கடற்படை அதிகாரி ஹுவான் பிரான்சிஸ்கோ தெ லா போதேகா இ குவாத்ராவை 'நல்ல மனிதர்' என்று சொல்லியிருந்தீர்கள். அந்த வார்த்தை எனக்கு உறுத்தலாக இருக்கிறது. பெருவையும் மெக்சிகோவையும் சூறையாடிய பேரரசின் சீருடையைப் போட்டவர் அவர். அடுத்தவர் மண்ணில் உட்கார்ந்து வெள்ளித்தட்டில் விருந்து வைத்ததை நல்ல குணம் என்று எப்படிச் சொல்வது? மேலிடத்து உத்தரவுப்படி நயமாகப் பேசினார், அவ்வளவுதானே? அந்த மண்ணின் மக்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் குவாத்ராவை அந்தச் சீருடையை மட்டும் வைத்து முடித்துவிட முடியாது என்று உறுதியாக நினைக்கிறேன். அதற்குக் காரணம் அவர் வாழ்க்கையில் 17 ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு கொலைச் சம்பவங்கள். விருந்துகளைவிட அவைதான் எனக்கு முக்கியம்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்தது ஸ்பெயினில் இல்லை, 1740களின் தொடக்கத்தில், பெருவின் லிமா நகரில். வசதியான ஸ்பானியக் குடும்பம்தான், ஆனாலும் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களை, அதாவது கிரியோயோக்களை, ஸ்பெயினில் பிறந்தவர்கள் ஒரு படி கீழேதான் வைத்துப் பார்த்தார்கள், கடற்படையிலும் அப்படித்தான். ஸ்பெயினின் காதிஸில் பயிற்சி முடித்த அவரை 1774 வாக்கில் மெக்சிகோவின் மேற்குக் கரையில் இருந்த சான் பிளாஸ் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியாவுக்குச் சரக்கு அனுப்பவும், ரஷ்யர்கள் அலாஸ்காவிலிருந்து தெற்கே இறங்குகிறார்களா என்று பார்க்கவும் ஸ்பெயின் உண்டாக்கிய இடம் அது. வெயிலும் கொசுவும் காய்ச்சலுமாக இருந்த, பெரிய இடத்து ஆட்கள் யாரும் விரும்பிப் போகாத துறைமுகம்.

1775 மார்ச்சில் அங்கிருந்து வடக்கு நோக்கிக் கிளம்பிய கப்பல்களில் மிகச் சின்னது 'சொனோரா'. நீளம் 36 அடிதான். திறந்த பசிபிக்கில் போவதற்கான கப்பலே இல்லை அது. குவாத்ரா அதில் இரண்டாம் நிலை அதிகாரியாகத் தானே முன்வந்து ஏறினார். புறப்பட்ட கொஞ்ச நாளிலேயே 'சான் கார்லோஸ்' கப்பலின் தலைவருக்கு மனநிலை பிறழ்ந்துவிட, சொனோராவின் தலைவர் அயாலா அங்கே மாற்றப்பட்டார். சொனோரா குவாத்ரா கைக்கு வந்தது இப்படித்தான்.

அந்த ஜூலையில், இன்றைய வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் முதல் சம்பவம் நடந்தது. அங்கிருந்த குவினால்ட் மக்கள் படகுகளில் வந்தார்கள், உணவும் தோலும் கொடுத்தார்கள், எல்லாம் சுமுகமாகவே இருந்தது. 14ஆம் தேதி தண்ணீரும் விறகும் எடுக்க ஏழு பேரை ஒரே படகில் கரைக்கு அனுப்பினார் குவாத்ரா. காட்டுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் பாய்ந்து வந்து தாக்க, ஏழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. வேறு படகு இல்லாததால் குவாத்ராவால் கப்பலில் நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. இரும்புக்காக அந்தப் படகை உடைப்பதையும் பார்த்தார். பிறகு சொனோராவைச் சூழ வந்த படகுகள் மேல் சுட்டதில் அந்தப் பக்கமும் சிலர் செத்தார்கள்.

பெரிய கப்பலான 'சந்தியாகோ'வுக்குப் போனதும் குவாத்ரா கேட்டது என்ன தெரியுமா? ஆயுதத்தோடு 30 பேரைக் கொடுங்கள், இறங்கிப் பழிதீர்த்துவிட்டு வருகிறேன் என்றுதான். பயணத் தலைவர் எசேத்தா ஒத்துக்கொள்ளவில்லை. தற்காப்புக்கு அல்லாமல் வன்முறை கூடாது என்று மெக்சிகோவின் வைசிராய் புக்காரெலி எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தார். ஆக, உங்கள் சந்தேகம் இந்த இடத்தில் சரி. 1775இல் குவாத்ராவைத் தடுத்தது உத்தரவு மட்டும்தான்.

அதற்குப் பிறகு நடந்த பயணம் அசாத்தியமானது. ஜூலை கடைசியில் சந்தியாகோ பிரிந்துபோனது. நோயாளிகள் பெருகியதால் அது தெற்கே திரும்ப, குவாத்ராவும் அவருடைய வழிகாட்டி மௌரேயேயும் அந்தச் சின்னக் கப்பலோடு வடக்கே போய் 58 பாகை வட அட்சரேகை வரை தொட்டார்கள். அலாஸ்காவில் ஒரு துறைமுகத்தில் இறங்கிச் சிலுவை நட்டு, இந்த நிலம் ஸ்பெயின் மன்னருக்குச் சொந்தம் என்று சடங்கு செய்தார்கள். அவர்கள் கப்பலுக்குத் திரும்பியதும் அங்கே வாழ்ந்தவர்கள் சிலுவையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டு முன்னால் நட்டுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்க வந்தவர்களிடம் விலையும் கேட்டார்கள். மன்னர், சொந்தம் என்பதையெல்லாம் அவர்கள் ஏற்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. திரும்பும் வழியில் ஸ்கர்வி நோயில் கப்பலே படுத்துவிட்டது, குவாத்ராவும் மௌரேயேயும் உட்பட. அக்டோபரில் மான்டெரி வந்து சேர்ந்தார்கள். 1779இல் இன்னொரு பயணம், இன்னும் வடக்கே. அப்புறம் சில ஆண்டுகள் கியூபா, ஸ்பெயின். 1789இல் சான் பிளாஸ் தளத்தின் தலைவராகத் திரும்பினார்.

அதே 1789இல் நூட்கா விவகாரம் வெடித்தது. வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் மொவாச்சாத் மக்களின் கோடைக்கால ஊர் யூக்வாட், ஐரோப்பியர்கள் நூட்கா என்று அழைத்த இடம். அங்கே ஸ்பெயினின் எஸ்தேபான் ஹொசே மார்த்தினெஸ் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களைப் பிடித்துவைத்தார். அதைக் கண்டித்துப் படகிலிருந்து சத்தம் போட்ட காலிக்கம் என்ற தலைவரை, ஊர்த் தலைவர் மக்வின்னாவின் உறவினரை, மார்த்தினெஸின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். லண்டனில் இதற்காகக் கடற்படையையே தயார் செய்தார்கள், ஆனால் காலிக்கத்துக்காக இல்லை, கப்பல்களுக்காக. பிரான்ஸ் தன் புரட்சியில் மூழ்கியிருந்ததால் ஸ்பெயினுக்குத் துணை வர ஆளில்லை. 1790 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டார்கள். யூக்வாட் யாருக்கு என்று மத்ரித்தும் லண்டனும் முடிவு செய்த அந்தத் தாளில் மக்வின்னாவுக்கு இடமே இல்லை. நீங்கள் சொல்லும் 'அடுத்தவர் மண்' இதுதான். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஒப்பந்தத்தை நிறைவேற்ற 1792 ஏப்ரல் கடைசியில் வந்த குவாத்ராவும் ஊரை உரியவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை, ஸ்பானியக் குடியிருப்பு அங்கேயேதான் இருந்தது. ஆனால் மூன்று வருடத்துக்கு முன் உறவினரைப் பறிகொடுத்த மக்வின்னா இவருடைய மேசையில் தவறாமல் வந்து உட்கார்ந்தார். ஐரோப்பிய அதிகாரிகளுக்கு என்ன மரியாதையோ அது அவருக்கும் கிடைத்தது, பல நேரம் கூடுதலாகவே. ஆகஸ்ட் கடைசியில் பிரிட்டன் சார்பில் பேச வந்த கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரை அழைத்துக்கொண்டு, செப்டம்பரில் தாசிஸ் ஊருக்கு, மக்வின்னாவின் வீட்டுக்கே விருந்தாளியாகப் போனார் குவாத்ரா. நாம் இருவரும் சந்தித்ததன் நினைவாக ஏதாவது ஓர் இடத்துக்கு இருவர் பெயரையும் வைக்கலாமே என்று அவர் கேட்க, 'குவாத்ரா–வான்கூவர் தீவு' என்ற பெயர் வந்தது. பேச்சுவார்த்தை மட்டும் முடியவில்லை. பிரிட்டிஷ் வணிகர் மியர்ஸ் குடிசை போட்டிருந்த துண்டு நிலத்தை மட்டும்தான் தருவேன் என்றார் குவாத்ரா, மொத்தமும் வேண்டும் என்றார் வான்கூவர். கடைசிவரை ஒத்துப்போகாமலே நண்பர்களாகப் பிரிந்தார்கள்.

இந்த நாட்களில்தான் இரண்டாவது சம்பவம். குவாத்ராவிடம் பணிவிடை செய்துவந்த ஒரு ஸ்பானியச் சிறுவன் காணாமல் போய், பிறகு வெட்டப்பட்ட உடலாகக் கிடைத்தான். சந்தேகம் மக்வின்னாவின் ஆட்கள் பக்கம் போனது. பழிவாங்க வேண்டும் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். இந்த முறை அவருக்குமேல் எசேத்தா இல்லை, பக்கத்திலேயே துப்பாக்கிகள் இருந்தன, வைசிராய் இருந்ததோ பல வாரக் கடல் தொலைவில். யார் செய்தது என்று தெரியாமல் யாரையும் தண்டிக்க அவர் தயாராக இல்லை, மக்வின்னாவோடு இருந்த நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை.

30 ஆட்களைக் கேட்ட அதே மனிதர்தான் இவர். நான் 'நல்ல மனிதர்' என்றது இதை வைத்துத்தான். உத்தரவுப்படி நடந்தவர் என்றால், 1775இல் இருந்த அளவுக்கு அவர் கையை யாரும் பிடிக்காத ஓர் இடத்தில், அதைவிட எளிதாகப் பழிதீர்க்கக்கூடிய நேரத்தில், ஏன் செய்யவில்லை என்று யோசித்துப் பாருங்கள். நயமாகப் பேசுவது மட்டும் நோக்கமாக இருந்தால் அது வான்கூவரோடு நின்றிருக்கும்.

அந்த விருந்துகளுக்குச் சொந்தப் பணத்தையும் போட்டுக் கடனாளியானார், உடம்பும் கெட்டது, 1794 மார்ச்சில் மெக்சிகோ நகரில் இறந்தார். 1795இல் ஸ்பானியர்கள் நூட்காவிலிருந்து கிளம்பினார்கள், ஊர் மக்வின்னாவின் மக்களிடமே திரும்பியது. தீவின் பெயரில் குவாத்ராவும் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டார். இன்று அவர் பெயர் இருப்பது பக்கத்திலுள்ள ஒரு சிறிய தீவுக்கு.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், அந்த மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு. அவர்கள் கையால் எழுதிய ஏடு எதுவும் அந்தக் காலத்திலிருந்து நமக்கு இல்லை. ஆனால் ஒரு சாட்சி இருக்கிறது. 1803இல் 'பாஸ்டன்' என்ற அமெரிக்கக் கப்பலின் தலைவர் மக்வின்னாவை அவமானப்படுத்த, அவருடைய ஆட்கள் கப்பலைத் தாக்கி இருவரைத் தவிர எல்லோரையும் கொன்றார்கள். தப்பிய இருவரில் ஒருவரான ஜான் ஜூவிட் என்ற கொல்லர் இரண்டு வருடத்துக்கு மேல் அவரிடம் அடிமையாக இருந்து, பிறகு எழுதிவைத்தார். வெள்ளைக்காரர்கள் தனக்குச் செய்த கொடுமைகளாக மக்வின்னா நினைவில் வைத்திருந்தவற்றையும் அதில் சொல்கிறார். தோல்களைத் திருடிப்போனவர், படகுகள் மேல் சுட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றவர் என்று ஆளைப் பெயர் சொல்லியே வருகிறது அந்தக் கணக்கு. ஸ்பானியர் பெயர் ஒன்றும் அதில் இருக்கிறது, தலைவர்களைக் கொன்றவர் என்று. அது மார்த்தினெஸ். குவாத்ராவின் பெயர் அதில் இல்லை.