சோலருக்கு முதல் கூரை, கூரைக்கு முதல் காணிக் கடிதம்

கேள்வி: நிலாவெளிப் பக்கம் பகல்நேரச் சிறுவர் பராமரிப்பு நிலையம் ஒன்றை ஊர்ச் சங்கமாக நடத்துகிறோம். 35 பிள்ளைகள், காலை 8 மணியிலிருந்து மாலை 5 வரை. அஸ்பெஸ்டஸ் கூரை. கச்சான் காற்று தொடங்கினால் வெக்கையில் மத்தியானத்தில் ஒரு பிள்ளையும் நித்திரை கொள்வதில்லை. சுற்றாடலுக்கு உகந்த முறையில் திருத்த விரும்புகிறோம். சோலர் போடலாம் என்று பெற்றார் சொல்கிறார்கள். பணத்துக்கு யாரிடம் போவது?

பதில்: சோலரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், சகோதரி. நான்கு விசிறி, ஒன்று 75 வோற், நாளுக்கு 9 மணித்தியாலம், மாதத்தில் 22 நாள் என்று வைத்தால் ஏறத்தாழ 59 அலகு வரும். 30 வோற் அளவில் ஓடும் புதுவகை விசிறிகளாக மாற்றினால் அது 24 அலகுக்கு இறங்கிவிடும். இவ்வளவு சிறிய பாவனைக்குப் பெருந்தொகை கேட்டுப் போனால், கொடுப்பவர் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். தவிர, சோலர் பூட்டுவதற்கு அஸ்பெஸ்டஸைத் துளைக்க வேண்டி வரும். அந்தத் தூசு பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகக் கூடாத தூசு.

உங்கள் பிரச்சினை வெக்கை. அதற்கு மலிவான மருந்துகள் இருக்கின்றன. மேற்குப் பக்கம் ஒரு கிடுகுப் பத்தி இறக்கலாம். சுவரின் மேற்பகுதியில் காற்றுப் போக வழி வைக்கலாம். முற்றத்தில் இரண்டு வேம்பு நடலாம். கூரைக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம், ஆனால் அதற்காகப் பழைய சீற்றைச் சுரண்டக் கூடாது. சீற் வெடித்திருந்தால் பூச்சு வேண்டாம், மாற்றுவதே சரி. அதையும் பிள்ளைகள் இல்லாத விடுமுறையில், சீற்றை நனைத்து, உடைக்காமல் கழற்றுங்கள்.

அடுத்தது தண்ணீர். திருகோணமலைக்கு ஆண்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். 80 சதுர மீற்றர் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் லீற்றர் விழுகிறது. ஒரு பீலியும் 5,000 லீற்றர் தாங்கியும் இருந்தால் மாரி முழுவதும் மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் போதும். அஸ்பெஸ்டஸில் விழுந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். தாங்கியின் வாய்க்கு நுளம்பு வலை கட்டாயம். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இனிப் பணம். கடிதம் எழுத முன் ஒரு சுவர் வெப்பமானி வாங்கிப் பிள்ளைகள் படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள். இரண்டு கிழமைக்குத் தினமும் 10 மணி, 1 மணி, 3 மணிக்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். "சூழல்நேயப் புனரமைப்பு" என்று எழுதிய விண்ணப்பங்கள் மேசையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒரு மணிக்கு அறைக்குள் எத்தனை பாகை, அந்த நேரத்தில் எத்தனை பிள்ளை விழித்திருந்தது என்று சொல்லும் விண்ணப்பத்தைத்தான் எடுத்து வாசிப்பார்கள்.

அதைவிட முக்கியம் காணி. நான் துணைநின்ற ஒரு நிலையத்துக்கு, மூதூர்ப் பக்கம், உதவி கிடைப்பது கிட்டத்தட்ட உறுதியாகியிருந்தது. கட்டடம் நின்றது கோயில் காணியில். பரிபாலன சபையின் சம்மதம் வாய்ப்பேச்சாக இருந்ததே தவிரக் கடிதமாக இல்லை. கடிதம் வந்து சேர்ந்தபோது அந்த ஆண்டின் ஒதுக்கீடு முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் இன்னொரு கோடையையும் அதே தகரத்தின் கீழ் கழித்தார்கள். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. உங்கள் காணி யாருடையதாக இருந்தாலும், இத்தனை ஆண்டுக்கு நிலையம் அங்கேயே இருக்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். சங்கத்தின் பதிவு, யாப்பு, கூட்டறிக்கை, இருவர் ஒப்பமிடும் வங்கிக் கணக்கு, கடைசிக் கணக்கறிக்கை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பதிவு பழையதென்றால் முதல் வேலையாகப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்குள்ள முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரின் சிபாரிசுக் கடிதம் எல்லா இடத்திலும் உதவும்.

முழுத்தொகையையும் ஒருவரிடம் கேட்காதீர்கள். பத்தி, மரம், மண்வேலை எல்லாம் பெற்றாரின் சிரமதானம். யார், எத்தனை மணி நேரம் என்று இடாப்பு வையுங்கள், அதுவும் உங்கள் பங்களிப்பாகக் கணக்கில் சேரும். விசிறி, பீலி, தாங்கி போன்றவற்றை விலையோடு பட்டியலிட்டு வெளிநாட்டு உறவுகளுக்கும் ரோட்டரி, லயன்ஸ் கழகங்களுக்கும் அனுப்புங்கள். "இயன்றதைத் தாருங்கள்" என்றால் பலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். "ஒரு தாங்கி, விலை இவ்வளவு" என்றால் ஒருவர் முன்வருவார். பற்றுச்சீட்டின் படம் அன்றைக்கே அவருக்குப் போக வேண்டும். சீமெந்து, பெயின்ற் போன்ற பொருட்களுக்குச் சீனக்குடாவில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து, பிறிமா போன்ற நிறுவனங்களுக்கு எழுதிப் பார்க்கலாம். உங்கள் கடற்கரை விடுதிக்காரர்களை, ஆட்கள் வரும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்திலேயே நேரில் கண்டு கேளுங்கள்.

கூரை மாற்றுவது என்று முடிவானால் தூதரகங்கள். ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்டம், அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம், உள்ளூர் முயற்சிகளுக்கான கனடா நிதி ஆகியவை இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கானவை, தனியார் நிலையம் கேட்க முடியாது. ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தினூடாக வரும் பூகோள சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியமும் ஊர் அமைப்புகளுக்குத்தான். ஆனால் அது சுற்றாடல் பயனைத் தேடுவது, கூரைக்கு மட்டும் கேட்டால் எடுபடாது. அயலிலுள்ள நாலைந்து நிலையங்கள் சேர்ந்து மழைநீர், மரநடுகை என்று கேட்டால் இடமுண்டு. விண்ணப்பக் காலம் குறுகியது, அறிவித்தல் வந்த பிறகு கோப்புச் சேர்க்கத் தொடங்கினால் நாள் போதாது.

பிரதேச சபைக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். அவர்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் ஓகஸ்டில் கொடுப்பது நல்லது.

நுண்கடன் மட்டும் வேண்டாம். "கிழமைக்குக் கொஞ்சம்தானே" என்று நிலையத்துக்காக ஆசிரியை தன் பெயரில் கையெழுத்து வைத்தால், கிழமைக் கிழமை அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். எங்கள் மாவட்டத்துப் பெண்கள் அதில் பட்டது போதும்.

பீலியும் தாங்கியும் செப்டெம்பருக்குள் பூட்டி முடிய வேண்டும். ஆகவே வெப்பமானியை இந்தக் கிழமையே மாட்டுங்கள், காணிக் கடிதத்துக்கும் இந்தக் கிழமையே போங்கள்.