டெக்கன் 3 விளையாட 22,000 ரூபாய் தேவையா?

கேள்வி: சார், எனக்கு வயது 27. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 28,000. பைக் இஎம்ஐ 3,200 போகிறது, வீட்டுக்கு 10,000 அனுப்புகிறேன், சேமிப்பு 15,000 இருக்கிறது. சின்ன வயதில் டிவியில் கேசட் போட்டு ஆடிய கான்ட்ரா, மரியோ, அப்புறம் கேம் சென்டரில் ஆடிய டெக்கன் 3 எல்லாம் மறுபடி விளையாட ஆசை. கையடக்க கன்சோல்களில் ஆர்36எஸ் 3,800, அன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் 7,500, ரெட்ராய்டு பாக்கெட் 5 மாடல் 22,000 என்று விலை சொல்கிறார்கள். கடைசியாகச் சொன்னதற்கு 9 மாத நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கிறது. அதையே எடுத்துவிடலாமா?

பதில்: 22,000 ரூபாய் கன்சோல் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று கேம்களில் கனமானது டெக்கன் 3. அது முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் கன்சோலுக்கான கேம்; அந்தக் கன்சோல் ஜப்பானில் வெளிவந்தது 1994-ல். அந்த வேலையை ஆர்36எஸ்-இல் இருக்கும் ஆர்கே3326 சிப்பே தாராளமாகச் செய்துவிடும். ரெட்ராய்டில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் மாதிரியான அடுத்த தலைமுறைக் கன்சோல்களின் கேம்களுக்கு. நீங்கள் ஆசைப்படும் கேம்களில் அவை ஒன்றுகூட இல்லை. திரையும் அப்படித்தான். பழைய கேம்களின் படம் 4:3 (அகலம்:உயரம்) அளவிலானது. ஆர்36எஸ்-இன் 640x480 திரையும் 4:3 என்பதால் படம் முழுதாக உட்காரும். ரெட்ராய்டின் அகலத் திரையில் கால்வாசி, இருபக்கமும் கறுப்புப் பட்டையாகவே கிடக்கும்.

நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி இல்லாமல் இல்லை. வங்கி வட்டி போடுகிறது, அந்தத் தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார். ஆண்டுக்கு 15% என்று வைத்தால், 9 மாதத்துக்கு வட்டி மட்டும் சுமார் 1,300 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும். பல வங்கிகள் செயலாக்கக் கட்டணமும் வாங்குகின்றன. இதைவிட எனக்குக் கவலை தருவது மாதத் தவணை. பைக்குக்கு 3,200, இதற்கு 2,450 என்றால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடனுக்கே போய்விடும். கையிருப்போ ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை. ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனால் தவணை தவறும், சிபில் ஸ்கோரும் அடிபடும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஆண்ட்ராய்டு போனில், பழைய கன்சோல் கேம்களை ஓட்டும் லெமுராய்டு ஆப்பைப் போட்டுப் பாருங்கள். இலவசம், விளம்பரமும் இல்லை. தொடுதிரையில் டெக்கன் ஆடுவது சிரமம்தான், ஆனால் ஒரு மாதம் கழித்தும் இந்த ஆசை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இருந்தால் ஆர்36எஸ் வாங்குங்கள். அன்பெர்னிக்கின் உடல் தரம் நிச்சயமாக மேல். ஆனாலும் உங்கள் நிலைமையில் இரு மடங்கு விலைக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை. சேமிப்பில் கைவைக்காமல், இரண்டு மாதம் 2,200 வீதம் ஒதுக்கினால் போதும்.

அதில் 600 ரூபாய் நல்ல பிராண்டு மெமரி கார்டுக்கு. கூட வரும் பெயரில்லாத கார்டுதான் பெரும்பாலும் முதலில் பழுதாகும். "15,000 கேம்கள் இலவசம்" என்ற விளம்பரத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். அவை உரிமம் இல்லாத நகல்கள், பாதிக்கு மேல் நீங்கள் திறந்துகூடப் பார்க்க மாட்டீர்கள்.

ஆர்36எஸ்-க்கு ஏகப்பட்ட போலிகள் இருக்கின்றன. மேலே அதே ஓடு, உள்ளே மட்டமான திரையும் சிப்பும் இருக்கும். அதனால் வெளிநாட்டிலிருந்து தருவிக்காதீர்கள், சுங்க வரியும் சேரும், பழுதானால் திருப்பி அனுப்பவும் வழியில்லை. இந்தியாவில் ரிட்டர்ன் வசதி தரும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, அன்றைக்கே எல்லாப் பட்டன்களையும் ஸ்பீக்கரையும் சோதித்துவிடுங்கள். சில ஆர்36எஸ்-கள் இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. பழுது என்று முடிவுகட்டும் முன், பழைய யுஎஸ்பி சார்ஜரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.