கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம், போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. சொந்த ஊர் திருமங்கலம், இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் டியூஷன் சென்டரில் நாலு வருஷமாக சனிக்கிழமைகளில் பாடம் எடுக்கிறேன். அதன் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "போர்டில் எல்லோருக்கும் வயசாகிவிட்டது, நீ வந்து சேரும்மா, வருஷத்துக்கு ரெண்டு கூட்டம்தான், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்" என்கிறார். அப்பாவோ "தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: சேருங்கள். ஆனால் அந்தக் "கையெழுத்து மட்டும்" என்பதற்கு ஒப்புக்கொண்டு சேராதீர்கள். அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் போர்டில் உட்காருபவர் போடுகிற ஒரே கையெழுத்துக்குப் பின்னால் பணம், சட்டம், உங்கள் விஷயத்தில் குழந்தைகளின் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்து நிற்கிறது.

நம்ம ஊரில் தொண்டு என்றாலே ரிடையர் ஆன பிறகு செய்வது என்று ஒரு நினைப்பு உண்டு. அதில் தப்பில்லை, அரவிந்த் கண் மருத்துவமனையையே டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் ஓய்வுபெற்ற பிறகுதான் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். சிக்கல் எங்கே என்றால், எல்லோரும் ஒரே வயதில் சேர்ந்து ஒரே வயதில் தளர்ந்துபோகிற போர்டுகளில்தான். அங்கே இருபதுகளில் ஒருவர் வருவது உண்மையிலேயே தேவை, ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும் அல்ல.

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இது டிரஸ்ட்டா, சங்கமா, கம்பெனியா? உள்ளே போவது மூன்றிலும் சுலபம், வெளியே வருவதில்தான் வித்தியாசம்.

டிரஸ்ட் என்றால் பத்திரத்தை வாங்கி, டிரஸ்டி எப்படி விலகலாம் என்ற பகுதியை முதலில் படியுங்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்ட்டுகளுக்காக வந்ததுதான், ஆனால் பொது டிரஸ்ட் வழக்குகளிலும் கோர்ட்டுகள் அதன் கொள்கைகளைப் பார்ப்பதுண்டு. அதன்படி ஒருமுறை சம்மதித்த டிரஸ்டி, பத்திரத்தில் வழி இருந்தாலோ, பயனாளிகள் சம்மதித்தாலோ, கோர்ட் அனுமதித்தாலோதான் பொறுப்பிலிருந்து விலக முடியும். நாளைக்கே உங்களை பெங்களூருக்கு மாற்றினால் என்ன செய்வீர்கள், யோசியுங்கள்.

சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று வருஷம், மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம். விலகுவது சுலபம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 27 வயதில் ஒரு சங்கத்தின் குழுவில் இருந்தேன், வேலை மாறியபோது விலகல் கடிதத்தைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். ரெண்டு வருஷம் கழித்து பேங்கிலிருந்து போன் வருகிறது, பொருளாளர் நீங்கள்தானே என்று! குழு மாறினால் மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7 தாக்கல் செய்ய வேண்டும், அதை யாரும் செய்யவில்லை. ஆகவே சேரும்போதும் சரி, விலகும்போதும் சரி, தாக்கல் செய்த படிவத்தின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

கம்பெனி என்றால், அதாவது கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான லாப நோக்கமில்லாத நிறுவனம் என்றால், ஒரு எச்சரிக்கை போதும்: தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்கு ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருஷத்துக்குத் தகுதி இழப்பார்கள். பின்னாளில் சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பிக்கும் ஆசை இருந்தால் அங்கேயும் இது காலை வாரும்.

அப்புறம் கணக்கு. கடைசி மூன்று வருஷ ஆடிட் ரிப்போர்ட்டையும் மினிட்ஸ் புத்தகத்தையும் (கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததை எழுதிவைப்பது) பார்க்கக் கேளுங்கள். வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவு ஒரு காலத்தில் ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும் என்று இருந்தது. 2021 முதல் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ஆட்கள் பலருக்கு இது மனதில் பதியவே இல்லை. வெளிநாட்டுப் பணம் வாங்குகிறார்கள் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முதலில் ஸ்டேட் பேங்கின் புதுடெல்லி மெயின் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும், அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் சொந்தக்காரர் கடையில் டிரஸ்ட்டுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினால் சந்தை விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூடப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்படிப் போன பணத்துக்கு வரி விலக்கு கிடைக்காது.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, அது குழந்தைகள் வந்து போகிற இடம் என்பதுதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை. "ஊர்ல பேரு கெட்டுடும், பேசி முடிச்சிருவோம்" என்று கூட்டத்தில் யாராவது சொல்லக்கூடும். அன்றைக்கு, வயதில் சின்னவர் என்று வாயை மூடிக்கொண்டு இருக்க உங்களால் முடியாது. குழந்தைகள் புகார் சொல்ல என்ன ஏற்பாடு இருக்கிறது என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

கூட்டத்தில் பெரியவர்கள் பேசி முடித்ததும் எல்லோரும் "சரி சரி" என்று எழுந்துவிடுவார்கள். மரியாதை வேறு, சம்மதம் வேறு. "சார், இதில் எனக்கு உடன்பாடில்லை, மினிட்ஸில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று தணிவாகச் சொன்னால் போதும், சண்டை வேண்டாம். பின்னாளில் உங்களுக்குத் துணை நிற்கப்போவது அந்த ஒரு வரிதான். முடிந்தால் உங்களோடு இன்னொரு இளைஞரையும் சேர்க்கச் சொல்லுங்கள், தனியாக ஒருவர் என்றால் போட்டோவுக்கு மட்டும் ஆகிவிடும். முதல் வருஷம் பொருளாளர் பதவியும் செக்கில் கையெழுத்தும் வேண்டவே வேண்டாம்.

உங்கள் வேலைக்கான ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். வெளியே எந்தப் பதவி ஏற்றாலும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று பல ஐடி கம்பெனிகள் போட்டிருக்கும், ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டு பதிலை வாங்கி வையுங்கள். அடுத்த சனிக்கிழமை பாடம் முடிந்ததும் சாரிடம் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவோடு உட்கார்ந்து படியுங்கள். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டால், சனிக்கிழமைப் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.