வாசகர் கேள்வி – பதில்: பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை

கேள்வி: காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய ட்ரெய்லர் ஒன்றைக் குடும்பப் பயணத்துக்காக வைத்திருக்கிறோம். விளக்கு, மின்விசிறி, சிறு ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்காக 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் ஈய அமில பேட்டரி உள்ளது. கார் ஓடும்போதே, பழவேற்காடு போய்ச் சேர்வதற்குள் சார்ஜ் ஏறிவிடும் என்று நம்பினால், இரவு பத்து மணிக்கே விளக்கு மங்கிவிடுகிறது. கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? — வாசகர், காசிமேடு

பதில்: தயவுசெய்து இப்போதே மாற்ற வேண்டாம். காரிலிருந்து கிளம்பும் மின்சாரம் வழியிலேயே குறைந்துபோகிறது என்பது என் கணிப்பு. அந்தக் குறையைச் சரிசெய்யாவிட்டால் புது பேட்டரியும் அரைகுறையாகவே ஏறி, சீக்கிரம் கெட்டுவிடும்.

கண்டுபிடிக்க, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் விட்டு அளந்தால், முழுதாக ஏறிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பிறகு கார் இன்ஜினை ஓடவிட்டு, காரின் பேட்டரியிலும் ட்ரெய்லர் பேட்டரியிலும் அளந்து பாருங்கள். இவ்வகை பேட்டரி நன்றாக ஏற 14.2 வோல்ட்டாவது வேண்டும். காரில் 14.2 இருந்து ட்ரெய்லரில் 13.1 மட்டுமே வந்தால், குற்றம் ஒயரிங்கில்தான். போக எட்டு மீட்டரும் திரும்ப எட்டு மீட்டருமாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினாலே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் அந்த இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைக்க மறக்காதீர்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் எர்த் இணைப்புகளைத்தான் (மின்சாரம் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) முதலில் சந்தேகிக்க வேண்டும். உப்புக் காற்றில் லக்கை (ஒயர் நுனியில் உள்ள உலோகப் பிடியை) சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருக்கும். ஒயரின் உறையைச் சற்றே சீவினால் உள்ளே செம்புக் கம்பி கறுத்துக் கிடக்கும். சார்ஜ் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தூணிலும் மறுமுனையை அதைப் பிடித்திருக்கும் லக்கிலும் வையுங்கள். ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 0.2, 0.3 வோல்ட் காட்டினால் அந்த இணைப்பு கெட்டுவிட்டது. நெகட்டிவை முதலில் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் தடவுங்கள். இழுவைக் கொக்கியின் இரும்பையே எர்த்தாக நம்பியிருந்தால், தனி நெகட்டிவ் ஒயர் இழுத்துவிடுங்கள். கிரீஸும் துருவும் படிந்த இரும்பு நம்பத் தகுந்ததல்ல.

புதிய கார்கள் சிலவற்றில் காரின் பேட்டரி நிறைந்ததும், இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரே வோல்டேஜைக் குறைத்துவிடும். அப்படியென்றால் எவ்வளவு தடித்த ஒயரும் உதவாது. குறைந்து வரும் வோல்டேஜை உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜரை ட்ரெய்லரில் பொருத்த வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், 10 ஆம்பியரில் ஒன்றரை மணி நேரம் ஓடினால் 15 ஆம்பியர்-ஹவர்தான் ஏறும். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாளே வீட்டு மின்சாரத்தில் சார்ஜரைப் போட்டு, முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும். அப்படி ஏற்றி, நெகட்டிவைக் கழற்றி ஒரு நாள் வைத்த பிறகும் 12.4-க்குக் கீழே இறங்கினால், கடைக்காரர் சொன்னபடி மாற்றிவிடலாம்.