வீட்டிலேயே ஜெட் படகு: எந்தப் பலகை, எந்தப் பசை?

கேள்வி: பழைய வாட்டர் ஸ்கூட்டரின் எஞ்சினும், தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் ஜெட் பம்பும் கைவசம் இருக்கின்றன. அதை வைத்து 12 அடியில் இருவர் உட்காரும் பிளைவுட் படகு கட்டப் போகிறேன். சாதாரண பிளைவுட் வாங்கி, மேலே ஃபைபர் கிளாஸ் போட்டால் போதும் என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: சரியில்லை. மலிவு பிளைவுட்டின் நடு அடுக்குகளில் இடைவெளி இருக்கும், வெளியே தெரியாது. படகு வேகமாக அலைமேல் விழுந்து எழும்போது அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் இறங்கி அடுக்கு பிரிய ஆரம்பித்துவிடும். ஃபைபர் கிளாஸ் அதை மூடி மறைக்குமே தவிரத் தடுக்காது. பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரத்தில் செய்த மரைன் பிளைவுட்டையே வாங்குங்கள். முத்திரை இருந்தாலும் ஒரு துண்டை அறுத்து விளிம்பில் ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள், இன்னொரு துண்டைச் சில மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் காயவைத்து வளைத்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அது படகுக்கு ஆகாது.

பிளைவுட் செய்யும் மரங்களில் ஒக்கூமே லேசானது, நன்றாக வளையும். மெராண்டி கனம், ஆனால் அடி தாங்கும். உங்கள் வரைபடம் வேறு சொல்லாவிட்டால் பக்கங்களுக்கு 6 மி.மீ., அடிப்பாகத்துக்கு 9 மி.மீ. என்று ஆரம்பிக்கலாம். பக்கங்களைத் தடிமனாக்க ஆசைப்படாதீர்கள், எடை கூடினால் படகு தண்ணீர்மேல் எழும்பி ஓடச் சிரமப்படும்.

பணத்தையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய இடம் அடிப்பாகம்தான். நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் 1950களில் ஜெட் படகை உருவாக்கியதே ஆழமில்லாத ஆறுகளில் ஓட்டத்தான், அப்படி ஓட்டினால் அடி கூழாங்கல்லில் உரசாமல் இருக்காது. அதனால் அடிக்கு வெளியே கிளாஸ் துணி இரண்டு அடுக்கு, மூலைகளிலும் நடு முதுகிலும் இன்னும் ஒன்று. பம்ப் தண்ணீர் உறிஞ்சும் வாயைச் சுற்றி உள்பக்கம் இன்னொரு பிளைவுட் ஒட்டித் தடிமனாக்குங்கள், ஏனென்றால் பம்பின் தள்ளுவிசை அந்தப் பகுதியில்தான் இறங்குகிறது. வெட்டிய விளிம்பில் மரத்தின் நார் திறந்திருக்கும், தண்ணீரை உடனே குடிக்கும், எப்பாக்ஸியை (ரெசினும் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவமும் கலந்த பசை) மூன்று முறையாவது தடவுங்கள். போல்ட் துளைகளைப் பெரிதாகப் போட்டு, கெட்டியாகக் கலந்த எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியபின் சரியான அளவில் திரும்பத் துளையிடுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. அப்புறம் ஒன்று: அடியில் ஒட்டும் நீளக் கட்டைகள் எதுவும் அந்த வாய்க்கு நேர் முன்னால் ஓடக்கூடாது. அவை இழுத்து வரும் காற்றுக் குமிழ் பம்பில் புகுந்தால் எஞ்சின் உறுமும், படகு நகராது.

கேள்வி: பாலியஸ்டர் ரெசின் விலை குறைவு. அதிலேயே ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். பாலியஸ்டர் மரத்தில் எப்பாக்ஸி அளவுக்குப் பிடிக்காது, சில வருடங்களில் தோல்போல உரிந்து வரும். எப்பாக்ஸியில் ஹார்டனரை அதிகம் ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் பிசகினால் அது கடைசிவரை மென்மையாகவே நிற்கும். நெய்த கிளாஸ் துணியை வாங்குங்கள், வெட்டிய இழைகளை ஒட்டிச் செய்த பாய் வகை பெரும்பாலும் பாலியஸ்டருக்காகவே செய்யப்படுவது. வெயிலில் எப்பாக்ஸி கெடும், மேலே பெயிண்ட் அவசியம்.

கேள்வி: படகின் உள்ளே வரும் மரச் சட்டங்களுக்குத் தேக்கு நல்லதா?

பதில்: அழுகாது, உண்மை. ஆனால் அதில் இருக்கும் எண்ணெய் பசை ஒட்டுவதைக் கெடுக்கும், எடையும் அதிகம். நேரான நார் ஓடும், முடிச்சில்லாத, நன்கு உலர்ந்த லேசான மரம் சட்டத்துக்குப் போதும். எஞ்சின் உட்காரும் இரண்டு கட்டைகளுக்கு மட்டும் கடின மரம் போடுங்கள். அதே பகுதியில் காற்றை வெளியே தள்ளும் விசிறிக்கும் இடம் விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும், எஞ்சினைக் கிளப்பும் முன் ஒவ்வொரு முறையும் சில நிமிடம் அந்த விசிறியை ஓட்டியே ஆகவேண்டும்.