ஸ்ரீநகர் ஓடுதளத்தில் ஒரு நாட் விமானம்: வாசகர் கேள்வி பதில்

(விமானப்படை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக (விமான உடற்பகுதியைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்காக)ச் சேர்ந்து, வாரன்ட் ஆபீசராக ஓய்வுபெற்ற காட்பாடிக்காரர்.)

எங்கள் பள்ளிக் குடியரசு தின விழாவில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோனைப் பற்றிப் பேசப் போகிறாள். அவர் தனி ஆளாக ஆறு விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தி சொல்கிறது. அதைப் பேச்சில் சேர்க்கலாமா? அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வேறு என்ன சொல்லலாம்?
– ஓர் ஆசிரியை, குடியாத்தம்

ஆறு வேண்டாம் டீச்சர். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில், அவர் உயிர்விட்ட அன்றைக்கு ஸ்ரீநகர் தளத்தைத் தாக்க வந்த பாகிஸ்தான் விமானங்கள்தான் ஆறு. யாரோ அதையே வீழ்ந்த கணக்காக எழுதி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வழங்கப்பட்ட, போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவின் சான்று, பாகிஸ்தானின் சேபர் ரகப் போர் விமானம் ஒன்றின் மீது அவருடைய குண்டுகள் பட்டன, இன்னொன்று தீப்பற்றியது என்று சொல்கிறது. தங்கள் விமானங்கள் எல்லாம் திரும்பி வந்தன என்பது பாகிஸ்தான் தரப்பின் வாதம். மாணவி விருதுச் சான்றில் உள்ளதை மட்டும் சொல்லட்டும். அந்தக் காலையில் என்ன நடந்தது என்று முழுதாகச் சொன்னாலே போதும், கணக்கைக் கூட்டிச் சொல்லத் தேவையே வராது.

1971 டிசம்பர் 14. போர் முடிய இரண்டு நாள்தான் இருந்தது, ஆனால் அது அன்றைக்கு யாருக்குத் தெரியும்? 1948ஆம் ஆண்டு உடன்பாடு ஒன்றின்படி ஸ்ரீநகரில் போர் விமானங்களை நிறுத்தி வைக்கக் கூடாது. அதனால் போர் தொடங்கிய பிறகே சேகோன் இருந்த 18ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவின் ‘நாட்’ ரகச் சிறிய போர் விமானங்கள் அங்கே போயின. அந்த மலைகளும் பள்ளத்தாக்கும் சேகோனுக்குப் பழக்கமில்லாத இடம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,400 அடி உயரம், அதிலும் டிசம்பர் குளிர். கத்திரி வெயிலில் வளர்ந்த நம் வேலூர்ப் பையன்கள் எத்தனையோ பேர் அங்கே டியூட்டி பார்த்திருக்கிறார்கள். காலையில் ஸ்பானரைத் தொட்டால் விரல் எரியும் என்பார்கள். விமானியின் சாகசத்தைச் சொல்லும்போது, அந்தக் குளிரில் அவருடைய விமானத்தைத் தயாராக வைத்திருந்த மெக்கானிக்குகளையும் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். இது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

அன்று காலை தயார் நிலையில் இருந்தவை இரண்டு நாட் விமானங்கள். முதல் விமானத்தில் ஃபிளைட் லெப்டினன்ட் குமான், இரண்டாவதில் சேகோன். பெஷாவரிலிருந்து கிளம்பிய ஆறு சேபர்கள் தளத்தை நெருங்கிவிட்டன. குமான் புறப்பட்டதும் ஓடுதளம் முழுக்கப் புழுதி. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விமானத்தைக் கிளப்ப முடியாது, புழுதி கொஞ்சம் அடங்க வேண்டும். சேகோன் காத்திருந்த அந்த இடைவெளியில் சேபர்கள் தலைக்கு மேலே வந்து ஓடுதளத்தில் குண்டு போடத் தொடங்கிவிட்டன.

இந்த இடத்தில்தான் மாணவி கொஞ்சம் நிறுத்தி, நிதானமாகப் பேச வேண்டும். ஒரு போர் விமானம் தன் வாழ்நாளில் மிகவும் பலவீனமாக இருப்பது தரையை விட்டு எழும் அந்தச் சில வினாடிகளில். எரிபொருள் முழுதாக நிரம்பிக் கனமாக இருக்கும். வேகம் இருக்காது. சக்கரங்கள் இன்னும் உள்ளே போயிருக்காது. திரும்பவோ விலகவோ வழியில்லை, நேராக மட்டும்தான் போகலாம். மேலே இருக்கிற எதிரிக்கு அதைவிட எளிதான இலக்கு கிடையாது. விமானத்தை விட்டு இறங்கிப் பதுங்கு குழிக்கு ஓடியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இன்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளினார். இத்தனை வருடம் விமானங்களோடு பழகிய எனக்கு, அதன் பிறகு மேலே நடந்த சண்டையைவிட அந்த முடிவுதான் பெரிதாகத் தெரிகிறது.

மேலே போனதும் இரண்டு சேபர்களை விரட்டினார். ஒன்றின் மீது குண்டு பட்டது, இன்னொன்று தீப்பிடித்தது என்று சான்று சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். குமானுக்கோ மூட்டத்தில் சேகோனின் விமானம் கண்ணில் படவே இல்லை. அதனால் கடைசிவரை சேகோன் தனி ஆள். மற்ற சேபர்களும் வந்து சேர்ந்துகொள்ள, ஒன்றுக்கு நான்கு என்று ஆனது. மர உச்சி உயரத்தில் சுற்றிச் சுற்றி நடந்த சண்டை அது. கடைசியில் அவருடைய விமானம் அடிபட்டு மலைப்பகுதியில் விழுந்தது. அப்போது அவருக்கு இருபதுகளின் நடுவில்தான் வயது. புதிதாகத் திருமணமானவர்.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. சேகோன் லூதியானா மாவட்டத்து இசேவால் கிராமத்துக்காரர். அவருடைய அப்பா தர்லோக் சிங் சேகோனும் விமானப்படைக்காரர்தான். கௌரவ ஃபிளைட் லெப்டினன்ட் என்ற பட்டத்தோடு ஓய்வுபெற்றவர். இந்த ‘கௌரவ’ என்பதன் பொருள் நம் பக்கத்து வீடுகளுக்கு நன்றாகவே தெரியும். அடிமட்டத்தில் சேர்ந்து, படிப்படியாக வாரன்ட் ஆபீசர் வரை உழைத்தவர்களில் சிலருக்கு ஓய்வுபெறும் வேளையில் கிடைக்கிற மரியாதை அது. அப்படிப்பட்ட ஒருவரின் மகன் 1967இல் விமானியாகக் கமிஷன் பெற்றார், அதாவது அதிகாரியாகவே சேர்ந்தார். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள், வீட்டுக்கு வீடு ராணுவம். குடியாத்தத்திலும் உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளின் தாத்தாவோ அப்பாவோ படையில் இருந்தவர்கள் என்று கேட்டால் கைகள் உயரும். ‘அவரும் உங்களைப் போல ஒரு சர்வீஸ் வீட்டுப் பிள்ளைதான்’ என்று அந்த மாணவி சொன்னால், பஞ்சாபுக்கும் பாலாற்றுக்கும் நடுவே இருக்கிற தூரம் அந்த மேடையிலேயே குறைந்துவிடும்.

இன்றுவரை இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர். இதை மட்டும் மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

நாட் ரொம்பச் சின்ன விமானமாமே. அது எப்படிச் சேபரோடு மோத முடிந்தது?
– பத்தாம் வகுப்பு மாணவர், ஆரணி

சின்னதாக இருந்ததே அதன் பலம், தம்பி. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 22 அடிதான். சேபருக்கு 37 அடி. எடையிலும் சேபரில் பாதிகூட வராது. தூரத்திலிருந்து பார்க்கிற எதிரி விமானியின் கண்ணில் லேசில் படாது, சட்டென்று திரும்பும், விறுவிறுவென்று மேலே ஏறும். இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள் இருந்தன. குண்டு சரியாகப் பட்டால் சேபர் தாங்காது. பிரிட்டனில் டெட்டி பெட்டர் வடிவமைத்த இந்த விமானத்தை, பிறகு பெங்களூரில் உள்ள அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் நாமே கட்டினோம். 1965 போரில் அது காட்டிய வேலையைப் பார்த்துத்தான் ‘சேபர் ஸ்லேயர்’ (சேபர்களை வீழ்த்துவது) என்று பெயர் வைத்தார்கள். 1971 நவம்பர் 22ஆம் தேதி, இன்றைய வங்கதேச எல்லையில் போய்ராவுக்கு மேலே நாட்டுகள் சேபர்களை வீழ்த்தின. அன்று பிடிபட்ட பாகிஸ்தான் விமானிகளில் ஒருவர் பின்னாளில் அந்நாட்டு விமானப்படைக்கே தளபதியானார்.

எங்களைப் போன்ற ஃபிட்டர்களுக்கும் அதைப் பிடிக்கும். ஏணி போடாமல், தரையில் நின்றபடியே பெரும்பாலான பேனல்களைத் திறந்துவிடலாம். ஆனால் உள்ளே இடம் கிடையாது, தீப்பெட்டிக்குள் கைவிட்டு வேலை செய்வது போலத்தான். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்ஸ் பாகங்கள் அடிக்கடி தொல்லை கொடுக்கும், பீரங்கியும் சில சமயம் சிக்கிக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்தே விமானிகள் அதில் ஏறினார்கள். நாங்கள் செய்த வேலையை நம்பி ஏறினார்கள் என்பதை நான் ஒரு நாளும் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை.

அவருடைய உடல் கிடைக்கவே இல்லையா? எதிரி விமானிகள் அவரைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?
– முன்னாள் ராணுவ வீரர், கணியம்பாடி

விமானத்தின் உடைந்த பாகங்களை ஒரு பள்ளத்தாக்கில் கண்டெடுத்தார்கள். உடல் கிடைக்கவில்லை. ராணுவமும் விமானப்படையும் பலமுறை தேடியும் பலனில்லை. மகனை முறைப்படி வழியனுப்பக்கூட முடியாமல் போன அந்தக் குடும்பத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை அண்ணே, நம் ஊர்களிலும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு.

அவரைச் சுட்டு வீழ்த்திய பாகிஸ்தான் விமானி சலீம் பெய்க் மிர்சா, பின்னாளில் எழுதிய கட்டுரை ஒன்றில் சேகோனின் பறக்கும் திறமையைப் பாராட்டியிருக்கிறார். எதிரில் நின்று சண்டை போட்டவனின் வாயிலிருந்து வருகிற பாராட்டு அது.

சேகோனின் நினைவிடத்தையும், அந்த மாதிரி விமானத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். எங்கே போகலாம்? அரக்கோணம் தளத்துக்குள் விடுவார்களா?
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

அரக்கோணத்தில் இருப்பது ஐ.என்.எஸ். ராஜாளி. அது கடற்படையின் விமானத்தளம், இன்றும் ரோந்து விமானங்கள் பறந்துகொண்டிருக்கிற இடம். சும்மா போய்ப் பார்க்க முடியாது.

டெல்லிக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் தேசியப் போர் நினைவிடத்துக்குக் கட்டாயம் போங்கள். பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளும் அங்கே இருக்கின்றன. சேகோனைப் பார்த்துவிட்டு, இலங்கையில் உயிர்நீத்த நம் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனையும் பார்த்து வாருங்கள். டெல்லியிலேயே பாலம் (Palam) என்ற பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கும் போகலாம்.

அவ்வளவு தூரம் முடியாதென்றால் பெங்களூரு போங்கள். எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் அஜீத் விமானம் ஒன்று நிற்கிறது. நாட் விமானத்தை மேம்படுத்தி எச்.ஏ.எல். செய்ததுதான் அஜீத். உருவம் கிட்டத்தட்ட அதேதான். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை வழியாகப் போய், பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிற்க வைத்து, இறக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.