வங்கிக் கடிதத்தில் ‘சார்ஜ்’ என்றால் கட்டணமா?

சேலம் அம்மாபேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏற்காடு அடிவாரத்தில் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன். உரிமையாளர் காட்டிய வங்கிக் கடித நகலில், அந்த மனையின் மேல் ‘ஃபர்ஸ்ட் சார்ஜ்’ இருப்பதாக எழுதியிருக்கிறது. ‘அது முதல் தவணைக் கட்டணம், சில ஆயிரம் கட்டினால் முடிந்தது’ என்கிறார் புரோக்கர். நம்பலாமா?”

நம்பாதீர்கள் ஐயா. அட்வான்ஸை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ‘சார்ஜ்’. வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் அதன் ஆதிப் பொருள். அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். போனில் மின்சாரம் ஏறுகிறது. அதிகாரியின் தலையில் பொறுப்பு ஏறினால் ‘சார்ஜ் எடுத்தார்’ என்கிறோம். ஒருவர் மேல் குற்றம் ஏறினால் சார்ஜ் ஷீட், பில்லில் தொகை ஏறினால் சர்வீஸ் சார்ஜ். உங்கள் கடிதத்தில் மனையின் மேல் கடன் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ‘ஃபர்ஸ்ட்’ என்றால், மனை விற்ற பணத்தில் அந்த வங்கிக்குத்தான் முதல் உரிமை. முதல் தவணைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து வரும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். ‘சார்ஜ் ஃபார்’ என்றால் பெரும்பாலும் கட்டணம். ‘சார்ஜ் ஆன்’, ‘சார்ஜ் ஓவர்’ என்று சொல்லி, பின்னால் சர்வே எண்ணோ மனை எண்ணோ வந்தால் அது சுமை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அதில் ‘ஃபிக்ஸட் சார்ஜ்’ என்று இருந்தது, அதாவது குறிப்பிட்ட ஒரு சொத்தின் மேல் ஏறிய கடன். பட்டறையின் மின் ரசீதில் மாதாமாதம் பார்த்துப் பழகிய அதே சொல். அதைக் காட்டியே இடைத்தரகர் அவரிடம் ‘சார்ஜ் கிளியரன்ஸ்’ என்று பணம் வாங்கிக்கொண்டார். ரசீது கொடுக்கவில்லை, வங்கிப் பக்கமே போகவும் இல்லை. கடன் அப்படியே நின்றது.

கடன் தவறினால், 2002-ஆம் வருட சர்ஃபாசி சட்டப்படி வங்கி வழக்குப் போடாமலேயே நோட்டீஸ் கொடுத்து மனையை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். அதனால் உரிமையாளரோடு நீங்களே கிளைக்குப் போய் பாக்கித் தொகையை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும், புரோக்கர் கையில் ஒரு ரூபாயும் வேண்டாம். ‘கடன் தீர்ந்தது’ என்ற கடிதம் மட்டும் போதாது. அசல் பத்திரங்கள் திரும்பி வர வேண்டும், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏற வேண்டும். அந்தப் புதுச் சான்றை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் கிரயம்.

வங்கியே இல்லாமலும் சார்ஜ் வரும். இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில், ‘தாயாரின் ஜீவனாம்சத்துக்கு இந்தச் சொத்து பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். அதுவும் சார்ஜ்தான், சொத்து மாற்றுச் சட்டம் 100-வது பிரிவு. நீங்கள் வாங்கினாலும் அந்த அம்மா உங்கள் மனையின் மேல் உரிமை கேட்கலாம். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பவும் முடியாது, பத்திரம் பதிவாகியிருந்தால் உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வில்லங்கச் சான்றோ நீங்கள் கேட்ட வருடங்களுக்கு மட்டும்தான் பேசும். 13 வருடத்துக்குப் போட்டால் 20 வருடத்துக்கு முந்தைய பாகப்பிரிவினை அதில் வராது. புரோக்கர்கள் குறுகிய காலத்துக்குப் போட்டு, ‘வில்லங்கம் இல்லை’ என்று நீட்டுவார்கள். குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். மூலப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வீட்டில் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் மனைக்கு, தமிழர் வாங்கிய கடனுக்கு, வங்கி ஏன் ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறது? ‘இந்த மனை எங்களிடம் கடனுக்குப் பிணையாக உள்ளது’ என்று ஒரு வரி தமிழில் சேர்த்தால் புரோக்கருக்கு இந்த விளையாட்டே கிடையாது. இத்தனை வருடமாக அந்த ஒரு வரிக்கு வழி செய்யாமல் இருப்பது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

சரி, நாளைக்கே அந்த நகலில் ‘சார்ஜ்’ வரும் இடத்தையெல்லாம் பேனாவால் வட்டம் போட்டு, வங்கிக் கிளை மேலாளரிடம் நீட்டி, ஒவ்வொன்றுக்கும் தொகை என்ன என்று கேளுங்கள்.